உக்கிய மரத்தின் வண்ணங்கள்

வன்னிக் காட்டைப் பற்றிப் பேசுவோர் பாலையையும் முதிரையையும் யானையையும் பற்றிப் பேசுவர். விழுந்து உக்கும் மரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். வடகீழ்ப் பருவமழை பெய்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகள் நனைந்ததும், அம்மரத்தின்மேல் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு காளான்கள் தோன்றுகின்றன. அவற்றுட் சில குன்றிமணி அளவும் இரா.

நாம் காண்பது அவ்வுயிரின் ஒரு பகுதியே. அதன் உடல் மரத்தினுள்ளே நுண்ணிய பூசண இழைகளாகப் பரந்து கிடக்கிறது. மரத்திற்கு உறுதி தரும் இலிக்னின் என்னும் பொருளை முற்றாகச் சிதைக்க வல்லவை வெகு சிலவே. அவற்றுள் இப்பங்கசுக்கள் தலையாயவை. வெளியே தெரியும் வண்ணக் குடை வித்திகளைக் காற்றில் விடும் உறுப்பு மாத்திரமே.

பிக்னோபோரசு சாங்குயினியசு என்பது செம்மஞ்சள் நிறத்தில் விசிறிபோல் ஒட்டிநிற்கும். வெயில் படும் கட்டையிலும் வளரும். சிசோபில்லம் கொம்யூனே சாம்பல் வெண்மையானது. அதன் அடிப்புற மடிப்புகள் வறட்சியிற் சுருண்டு மூடிக்கொள்ளும். மழைத்துளி பட்டதும் விரியும். நமது நாட்டின் கோடையைக் கடக்க இதனினும் நல்ல உபாயம் வேறு வேண்டுமோ!

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு இலங்கைக் காளான்களைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்கிலியும் புரூமும் அவற்றை ஆராய்ந்து 1870களிற் பட்டியல் வெளியிட்டனர். ஆனாற் காளான் உலர்ந்தால் நிறமும் வடிவும் மாறும். 1905இற் பேராதனைக்கு வந்த பெச் என்பார், உயிருள்ள காளான்களை இங்கேயே கண்டு, பழைய பெயர்கள் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. வாடுமுன் எடுத்த தெளிவான நிழற்படத்தின் பெறுமதி இதனாற் புலப்படும்.

பொருளின் உருவைக் கமராவினுள் அதே அளவில் விழச் செய்வதே அண்மைப்படக் கலை. அப்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே. ஆகவே முக்காலி வேண்டும். காற்று அடங்கும்வரை பொறுமையும் வேண்டும். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்குவாரும் உளர். பெருஞ் செலவு செய்ய இயலாதவர் கைப்பேசியில் மாட்டும் சிறு வில்லையோடு தொடங்கலாம். மின்னொளியை மெல்லிய வெள்ளைத் தாளால் மறைத்தால் ஈரத்தின் மினுக்கம் அடங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. போர் முடிந்தது 2009இல். நிலத்தினுள் இருந்தவை அன்றோடு முடியவில்லை. மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தில் எத்தகைய அழகிய காளானுக்காகவும் ஓரடியும் வைக்கலாகாது. அறியாத காட்டுள் நுழையாது, வழக்கமாக ஆட்கள் நடக்கும் பாதையோரத்துக் கட்டையையே நாடுக. மாணவர்களிடம் இதை ஆண்டுதோறும் சொல்ல நான் சலிப்பதில்லை. படத்தை வைத்து உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என முடிவுசெய்வதும் கூடாது.

மேற்புறத்தை மட்டும் எடுத்தால் இனம் அறிவது கடினம். அடிப்புறத்தையும் எடுத்து, நாள், இடம், கட்டை எம்மரத்தினது என்பவற்றைக் குறித்து வைக்க வேண்டும். மரம் தெரியாவிடில் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். எஞ்சிய பட்டையைச் சுரண்டிப் பார்த்தே சொல்வார்.