கிணற்றடியும் பாராளுமன்றமும்

சரவணையிலும் அயலூர்களிலும் வாழ்ந்தோர்க்கு நன்னீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடல் சூழ்ந்த வேலணைத் தீவிலே உவர்நீர்க் கிணறுகள் பல; குடிநீர்க் கிணறுகள் சில. அத்தகைய மண்ணில் ஒருவரைச் சாதியின் பெயரால் பொதுக்கிணற்றடியில் தடுத்து நிறுத்துவது எத்துணைப் பெருங்கொடுமை!

இக்கொடுமையைக் குற்றமென விதித்தது, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். கிணறு, பள்ளிக்கூடம், தேநீர்க்கடை, கோயில் ஆகிய இடங்களில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்றது அது. எனினும், மீறியவர்க்கு விதிக்கத்தக்க அபராதம் 100 ரூபாவுக்கு மேற்படவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டபோது, ஏட்டிலுள்ள சட்டம் தானே கதவைத் திறந்துவிடாது என்பதை யாழ்ப்பாணம் கண்டது.

தாழ்த்தப்பட்டோர் தொகுதி வாக்கினால் பாராளுமன்றம் புகுதல் அந்நாளில் அரிதாயிருந்தது. 1970இல் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினரானார். தம் மக்களின் குறைகளை நேரில் அறிந்த ஒருவர் அவையில் அமர்ந்தார். மறு ஆண்டு சட்டம் திருத்தப்பெற்றது. அபராதம் 3,000 ரூபா வரையும், சிறைத்தண்டனை 3 ஆண்டு வரையும் உயர்ந்தன.

1972 அரசியல் யாப்பு நியமன உறுப்பினர் முறைக்கு இடமளிக்கவில்லை. ஆதலின் நலிந்தோர்க்காகக் குரலெழுப்பும் கடமை, நாம் வாக்களித்து அனுப்பும் உறுப்பினரைச் சேர்ந்ததாயிற்று. அதனை அவர்க்கு நினைவூட்டுவதும், நம் ஊர்க் கிணற்றடியில் அச்சட்டத்தைக் காப்பதும் நம்முடைய கடமையாகும்.