துன்பத்தில் மகிழ்ச்சி: விவிலிய முரணும் கடலூர், சிதம்பரம் மரபுகளும்

பல்வகைச் சோதனைகள் நேரும்போது அவற்றை மகிழ்ச்சியாகக் கொள்ளுமாறு யாக்கோபு நிருபம் (1:2) கூறுகிறது. எபிரெயர் நிருபமோ (12:11), எந்தச் சிட்சையும் நிகழும் வேளையில் துயரமாகவே தோன்றும் என்கிறது. மேலோட்டமாக நோக்கின் இவை முரண்படுகின்றன.

இதனை விளங்கிக்கொள்ள வினைச்சொற்களை நோக்க வேண்டும். யாக்கோபு ஆளும் ‘ஹெகெயோமாய்’ என்னும் கிரேக்க வினை உணர்ச்சியைக் குறிப்பதன்று. கருதுதல், மதிப்பிடுதல் என்னும் பொருளுடையது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘எண்ணுங்கள்’ எனப் பெயர்த்திருப்பது மிகப் பொருத்தமானது. எபிரெயர் நிருபத்தின் வினையாகிய ‘தொகெயோ’ தோன்றுதலைக் குறிக்கும். முன்னது மதிப்பீடு, பின்னது அனுபவம். ஒருவர் துன்பத்தைத் துயரமாக உணர்ந்துகொண்டே பயனுடையதாக மதிக்க இயலும். கெத்செமனேயில் இயேசு தம் உள்ளம் சாவுக்கு நிகரான துயரில் இருப்பதாகக் கூறி, அப்பாத்திரம் தம்மைவிட்டு நீங்குமாறு வேண்டுகிறார் (மத்தேயு 26:38-39). அங்கு மகிழ்ச்சியின் சாயலே இல்லை.

தமிழ்ப் பக்தி மரபோடு ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருவதிகையில் சூலைநோயுற்ற அப்பர், அந்நோய் நீங்கவே வேண்டிப் பாடினார், நோயும் நீங்கிற்று. பின்னர் நீற்றறையில் இடப்பட்டபோது அவ்வெம்மை அவருக்குக் குளிர்ச்சியாயிற்று. கல்லோடு கடலில் எறியப்பட்டபோது அக்கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்பது பெரியபுராணச் செய்தி. இங்குத் துன்பமே தன் இயல்பு திரிந்து இன்பமாகிறது. கெத்செமனேயிலோ பாத்திரம் நீங்கவுமில்லை, அதன் கசப்பு மாறவுமில்லை. இரண்டையும் ‘துன்பத்தில் இன்பம்’ என ஒரே தலைப்பில் அடக்குவது பிழையாகும்.

துன்பத்தைச் சக மனிதரே சுமத்தும்போது சிக்கல் கடுமையாகிறது. பேதுருவின் முதல் நிருபம் (2:18-20), கொடிய எஜமானருக்கும் பணிந்து, அநியாயமாகப் படும் பாடுகளைப் பொறுக்குமாறு வீட்டு அடிமைகளுக்குச் சொல்கிறது. எபேசியர் (6:9), கொலோசெயர் (4:1) நிருபங்கள் எஜமானருக்கும் கடமை வகுக்கின்றன. பேதுருவின் நிருபத்தில் அத்தகைய பகுதி இல்லை. துன்புறுவோர் தாமே செய்யும் மதிப்பீட்டைப் பிறர் அவர்க்கு விதியாக்கும் இடர் இங்கு உண்டு.

சிதம்பரத்தில் நந்தனார் தீப்புகுந்த வரலாறும் இவ்வினாவையே எழுப்புகிறது. பெரியபுராணம் அதனைப் பேரின்ப முடிவாகக் காட்டுகிறது. பிறர் நடந்தே நுழைந்த வாயிலுக்கு அவர் மட்டும் தீயின் வழியே செல்லவேண்டியிருந்தது ஏன் என அது வினவவில்லை. அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் தொடங்கினார்.