ஒரே பூச்சியம், இரு வேறு பிழைகள்

அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு பிள்ளை 2/5 என்று எழுதுகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை 2/6 என்று எழுதுகிறது. தவணைப் பரீட்சையில் இருவருக்கும் பூச்சியம்தான். ஆனால் முதல் பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டிவிட்டது. மற்றதற்குப் பொதுப் பகுதி எடுக்கத் தெரியும், தொகுதியை மாற்றத்தான் தவறிவிட்டது. முதல் பிள்ளைக்குக் கடதாசியை மடித்துக் காட்டி அடியிலிருந்து தொடங்க வேண்டும், மற்றதற்கு ஐந்து நிமிட விளக்கம் போதும். இந்த வேறுபாட்டைப் பாடம் நடக்கும்போதே கண்டுபிடித்து, அடுத்த நாள் கற்பித்தலை அதற்கேற்ப மாற்றுவதுதான் கற்றலுக்கான கணிப்பீடு. தவணை முடிவில் புள்ளி வரும்போது வகுப்பு தசமத்துக்குப் போயிருக்கும்.

வன்னியில் இதற்கான தேவை மற்ற இடங்களைவிடக் கூட. 2009இல் போர் முடிந்தபோது ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தார்கள்; செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அன்று படிப்பு அறுந்துபோன மாணவர்கள் பலர் இன்று பெற்றோர். பிள்ளையின் கொப்பியைப் பார்த்துப் பிழை சொல்ல வீட்டில் ஆள் இல்லாதபோது, ரியூசனுக்கும் வசதியில்லாதபோது, அந்தப் பிழையைக் காணக்கூடிய ஒரே இடம் வகுப்பறைதான். கல்வி ஆய்வாளர்களான போல் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதியதில், இத்தகைய கணிப்பீட்டால் பின்தங்கிய மாணவர்களே கூடுதலாகப் பயன்பெறுகிறார்கள் என்றார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் முன்னேறவில்லை. புள்ளியைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு ஏற்கெனவே இருக்கிறதே, அது படிவம் நிரப்பும் வேலையாகத்தானே முடிந்தது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். அந்தப் புள்ளிகள் மேலே போகின்றன, பிள்ளையிடம் திரும்பி வருவதில்லை. அதனால் இன்னொரு படிவம் வேண்டாம்; இருப்பதைக் குறைக்க வேண்டும். பாடத்திட்டம் முடியாது, சாதாரண தரப் பரீட்சை காத்திருக்கிறது என்ற கவலையும் மெய்யானதே. ஆனால் பிடிபடாத பின்னத்தின் மேல் இயற்கணிதத்தைக் கட்டினால், பாடத்திட்டம் முடிந்தாலும் படிப்பு முடிந்திருக்காது. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறு பாடசாலைகளில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு என்பது இங்கே வாய்ப்பாகிறது. பாடம் முடியுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு கேள்வி. பதினைந்து விடைகளைப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் காணும்.

இடமாற்றம்தான் கடினமான தடை. வெளிமாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர் சேவைக்காலம் முடிந்து போகும்போது, பிள்ளைகளைப் பற்றி அறிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் கையில் 38 என்ற புள்ளி கிடைத்து என்ன பயன்? “பகுதியைச் சமப்படுத்துகிறார், தொகுதியில் தவறுகிறார்” என்று கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தால், முதல் நாளே அவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.