மட்டம் போட்ட நாளில் பிறந்த பாட்டு

வேலைக்கு மட்டம் போட்டதால் ஒரு நல்ல பாட்டு கிடைத்த கதை தெரியுமா, நேயர்களே? 1969-இல் நடந்தது. இங்கிலாந்தில் குளிர்காலம் முடிகிற வழியாகவே தெரியவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கோ கணக்கு வழக்கு, கையெழுத்து என்று ஓயாத அலுவலகக் கூட்டங்கள். மனசு சோர்ந்துபோனவர், ஒருநாள் அலுவலகம் பக்கமே போகாமல் நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்த கிதார் ஒன்றை எடுத்துக்கொண்டு, இளவெயில் அடித்த தோட்டத்தில் நடந்தபடியே வாசிக்கத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் ‘ஹியர் கம்ஸ் த சன்’. என்ன இதமான பாட்டு தெரியுமா! மந்தாரமான நாளில் கேட்டுப் பாருங்கள். நடுவில் தாளம் சட்டென்று நடை மாறும், அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். அதில் இந்திய இசையின் சாயல் தெரியும்; நம் ரவிசங்கரிடம் சிதார் கற்றவராயிற்றே ஹாரிசன்!