துப்பாக்கிக்கு ஓர் உபாத்தியாயர்

வெண்ணந்தூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். தறி ஓட்டும் குடும்பம். பள்ளியில் படிக்கும் மூத்த பெண் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கிறாள். முகாமில் ஐந்து தோட்டா சுடக் கொடுத்தார்களாம்; ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தனவாம். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வித்தையின்மேல் தீராத மோகம். உள்ளூரில் பென்ஷன் பெற்ற ஹவில்தார் ஒருவர் கற்றுத் தருவதாகச் சொல்கிறார். நகரத்தில் கட்டணம் வாங்கிக் கொண்டு நடத்தும் வகுப்பு ஒன்றும் இருக்கிறது. இரண்டு இடத்திற்கும் சில நாள் அனுப்பிப் பார்த்ததில், ஒருவர் சரி என்பதை மற்றவர் தப்பு என்கிறார். பெண் குழம்பி நிற்கிறாள். பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று பாட்டி வேறு நித்தமும் சண்டை போடுகிறாள். யார் பேச்சைக் கேட்பது என்பது தகப்பனாரின் கேள்வி.

முதலில் பாட்டிக்குச் சமாதானம் சொல்லிவிடுவோம். வெண்ணந்தூர் இருக்கும் இந்த நாமக்கல் சீமை அஹிம்சைக்குப் பேர் போனது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியது 1925-ஆம் வருஷத்தில். உப்புச் சத்தியாக்கிரகத்தை ஆயுதமில்லாத யுத்தமாகக் கண்டு பாடிய கவிஞர் ராமலிங்கம் பிள்ளையும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்தான். இப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கிப் பாடமா என்று கேட்கலாம். ஆனால் அதே 1930-ஆம் வருஷம் ஜனவரியில் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காக ஜனங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்த தேசத்தாரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தபோது, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவமானம் அங்கேதான் இருந்தது. சுடுவதும் சுடாமலிருப்பதும் நம்முடைய தீர்மானமாக இருக்க வேண்டும் என்பதே மகாத்மாவின் கட்சி.

அந்தச் சட்டத்தின் பலன் இன்னொன்றும் உண்டு. சிலம்பத்துக்கும் மல்யுத்தத்துக்கும் நம் ஊர்களில் வாத்தியார் பரம்பரை இருந்தது. துப்பாக்கிக்கு இல்லை. அதை முறையாகக் கற்றவர்கள் பட்டாளத்தாரும் போலீஸாரும்தான். ஜமீன்தார்கள் வேட்டைக்காகப் பழகினார்கள். ஆகவே இன்றைக்கும் நல்ல ஆசிரியர் யார் என்று அடையாளம் காண நமக்குப் பழக்கம் போதவில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 1943 ஜூலையில் சுபாஷ் பாபு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில நாட்களுக்குள், சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி இருபது பெண்களைத் திரட்டினார். புடவை கட்டிய அந்த இருபது பேரும், ஆளுக்கொரு நாலு கிலோ கனமுள்ள பட்டாளத் துப்பாக்கியைத் தூக்கி ஜூலை 12-ஆம் தேதி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபர் 22-ல் ஜான்ஸி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்; மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அநேகர். அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? பிரிட்டிஷாரின் இந்தியப் பட்டாளத்தில் பயிற்சி பெற்று, பின்பு தேசிய ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்கள். சிஷ்யைகளுக்குத் தெரியாத ஹிந்துஸ்தானியில் உத்தரவுகள். ஆசிரியருக்கும் மாணவிக்கும் பொதுவான பாஷைகூட இல்லாத இடத்தில், நிற்கும் விதத்தையும் பிடிக்கும் விதத்தையும் உடம்பால் காட்டித்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. பாட்டி இதைக் கேட்டால் சற்றே யோசிப்பாள் என்று நம்புகிறேன்.

இனி ஆசிரியரைப் பார்ப்போம். முதல் நாளே தோட்டாவைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்பவரிடம் பிள்ளையை இரண்டாம் நாள் அனுப்ப வேண்டாம். அவர் எத்தனை மெடல் வாங்கியவராக இருந்தாலும் சரி. நல்ல ஆசிரியர் துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் அதைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று தாமும் பார்ப்பார். மாணவியையும் பார்க்கச் சொல்வார். நூறு தடவை எடுத்தாலும் நூறு தடவையும் பார்ப்பார். குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடப் போகும் க்ஷணம் வரையில் விரல் விசையைத் தொடக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். இந்தப் பாடத்துக்கே ஒரு வாரம் போகும். மாணவி சலித்துக் கொள்வாள். சலித்துக் கொள்ளட்டும். பொறுப்பில்லாத ஆசிரியரால் போவது கட்டணம் மட்டுமல்ல. ஒரு கண்ணோ ஓர் உயிரோ போகலாம். அது நம் பிள்ளையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமுமில்லை.

இரண்டாவது, அவர் தப்பை எப்படித் திருத்துகிறார் என்று கவனியுங்கள். குண்டு இடப் பக்கம் விழுந்தால் "வலப் பக்கம் குறி வை" என்பவர் அரைகுறை. விஷயம் தெரிந்தவர் மாணவியின் காலைப் பார்ப்பார். துப்பாக்கியைப் பிடித்தபடி கண்ணை மூடச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திறக்கச் சொல்வார். அப்பொழுது குழல் எங்கே நோக்குகிறதோ அதுதான் உடம்பின் இயல்பான நோக்கு. அது இலக்கைவிட்டு விலகியிருந்தால் கையை வளைத்துச் சரிப்படுத்தக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் இழுத்துப் பிடித்த குறி, விசை விழும் சமயத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். தோட்டா இல்லாமலே விசையை அழுத்திப் பழகும் வெறும் சூட்டுப் பயிற்சிக்கு நல்ல ஆசிரியர்கள் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை; அதனால்தானோ என்னவோ, பணம் பண்ணும் வகுப்புகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை!

மாணவிக்கு எந்தக் கண் பிரதானம் என்று பார்க்காத ஆசிரியரும் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ள பலருக்கு இடக்கண் ஓங்கியிருக்கும். ஒரு காகிதத்தின் நடுவே துளை செய்து, கையை நீட்டி, இரு கண்ணாலும் தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், கம்பத்தைத் தவறவிடாத கண் எதுவென்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் பிள்ளையைத் திட்டுவது வீண்.

ஹவில்தாருக்கும் நகரத்து வகுப்புக்கும் உள்ள தகராறைத் தீர்ப்பது எளிது. இருவர் சொல்வதும் சரிதான். பட்டாளத்தார் தரையில் படுத்துச் சுடக் கற்பிப்பார். கட்டளைக்குக் கட்டுப்படுவதையும், குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி விழுவதையும் முக்கியமாகச் சொல்வார். குண்டுகள் மையத்தை விட்டு விலகியிருந்தாலும் ஒரே இடத்தில் விழுந்தால் அவருக்குத் திருப்தி. பார்வைக் குறியைத் திருப்பினால் கூட்டம் மையத்துக்கு வந்துவிடும். இங்குமங்கும் சிதறினால்தான் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

பந்தயத்துக்குத் தயார் செய்கிறவரின் உலகம் வேறு. பத்து மீட்டர் தூரத்தில் நின்றபடி காற்றுத் துப்பாக்கியால் சுட வேண்டும். துப்பாக்கியின் கனம் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். பத்து மார்க்குப் புள்ளியின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர். கடுகில் பாதிகூட இல்லை. எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது தடவை. இங்கே தசையின் பலத்தால் தாங்கினால் இருபதாவது சூட்டில் கை நடுங்கும். இடுப்பெலும்பின்மேல் முழங்கையை ஊன்றி, எலும்பின்மேல் கனத்தை இறக்கிவிட வேண்டும். பட்டாளத்துக் கண்ணுக்கு இந்த நிலை கூன் விழுந்தது போலத் தோன்றும். "நிமிர்ந்து நில்" என்பார் ஹவில்தார். ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் பெண் குழம்பாமல் என்ன செய்வாள்?

ஆகவே வெண்ணந்தூர்ப் பெண் முதல் ஆறு மாதம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பாதுகாப்பில் கண்டிப்பானவர் எவரோ அவரிடம். ஹவில்தார் அப்படிப்பட்டவராக இருந்து, முறைப்படி அமைந்த சுடுமிடத்தில் கற்பிப்பதானால், உள்ளூர்க்காரர் என்பதே பெரிய சௌகரியம். அவர் கொல்லைப்புறத்தில் கற்பிப்பதாகச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அஸ்திவாரம் போட்ட பிறகு மற்றொரு வகுப்புக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும். புது ஆசிரியர் சொன்ன ஒரு மாறுதலை மட்டும் எடுத்து, பத்து நாள் பழகி, குண்டுக் கூட்டம் நெருங்கிற்றா விரிந்ததா என்று எழுதி வைக்கட்டும். நெருங்கினால் வைத்துக் கொள்ளலாம், விரிந்தால் விட்டுவிடலாம். ஆசிரியர்களுக்குள் எவர் பெரியவர் என்ற வழக்கை அந்தக் காகிதம் தீர்த்துவிடும்.

பல ஆசிரியர்களிடம் கற்றுப் பெரும் பேறு பெற்றவர் அபினவ் பிந்த்ரா. கர்னல் தில்லானிடம் தொடங்கினார். பிறகு அமித் பட்டாசார்ஜி, ஸ்விட்ஸர்லாந்தின் காப்ரியேல் பூல்மன், ஜெர்மனியின் ஹைன்ஸ் ரைன்கெமையர் என்று தேடித் தேடிக் கற்றார். 2008 ஆகஸ்டு 11-ல் பீகிங் ஒலிம்பிக்கில் 700.5 எண்ணிக்கை பெற்று, இந்தியாவுக்குத் தனிநபர் தங்கப் பதக்கத்தை முதன்முதலில் கொண்டு வந்தார். இறுதிச் சுற்றுக்கு முந்திய ஒத்திகையில் குண்டு எங்கேயோ போய் விழுந்தது. பார்வைக் குறி இடம் மாறியிருந்தது. அருகில் எந்த ஆசிரியரும் இல்லை. சில நிமிஷங்களுக்குள் தாமே கண்டுபிடித்துத் தாமே சரிப்படுத்தினார். (தகப்பனார் வீட்டிலேயே சுடுமிடம் கட்டிக் கொடுத்த செல்வக் குடும்பம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தறிக்காரர் வீட்டில் அது நடக்காது.)

ஹரியானாக் கிராமத்துப் பெண் மனு பாக்கரின் கதை வேறு மாதிரி. ஜஸ்பால் ராணாவிடம் பயின்றவர், 2021-ல் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் அவரை விட்டுப் பிரிந்தார். தோக்கியோவில் போட்டியின் நடுவே கைத்துப்பாக்கியில் கோளாறு. இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. பிரிவுதான் காரணம் என்று சொல்வது அநியாயம். இயந்திரம் குரு சிஷ்ய சண்டையை அறியாது. ஆனால் 2023-ல் அவரே மறுபடியும் ராணாவை நாடிப் போனார். குறித்த எண்ணிக்கைக்குக் குறைந்தால் குறைந்த மார்க்குக்கு ஏற்றபடி தர்மத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் தண்டனை. 2024-ல் பாரிஸில் மனு இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியபோது ராணா ஜனங்களோடு ஜனங்களாகப் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நம்முடைய கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் பந்தயக் களத்தில் இருக்கிறார். குஜராத்தில் வளர்ந்த இவர், ககன் நரங்கும் நண்பர்களும் ஏற்படுத்திய பயிற்சிக் கூடத்தில் பழகி, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். வெண்ணந்தூர்ப் பெண்ணுக்கு இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள்.

துப்பாக்கி வாங்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் வேகசக்தி இருபது ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டதற்கு வேண்டும். ஆறு மாதத்துக்குப் பயிற்சிக் கூடத்துத் துப்பாக்கியே போதும். முதல் வாரமே துப்பாக்கி விற்கப் பார்க்கும் ஆசிரியர் உண்மையில் வியாபாரி. வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டால் அது பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ரவை வேறோர் அலமாரியில். சாவி தகப்பனார் இடுப்பில். புறாவும் மைனாவும் வந்து உட்காரும் வேப்ப மரத்தின்மேல் தம்பிக்குக் கண் இருக்கும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதை அவனுக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.