யார் அந்தத் துணை விமானி?

விளக்கு அணைகிறது. வெண்திரையில் வானம் விரிகிறது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு சீறி வருகிறது ஒரு போர் விமானம். உள்ளே ஒருவன், ஒரே ஒருவன்! முன்னே பகைவன், பின்னே பகைவன், கீழே பாதாளம். தரை டிக்கெட்டில் அமர்ந்திருக்கும் தோழன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். "இவனைக் காப்பாற்றப் போவது யார்?"

இந்தக் கேள்விக்கு மூன்று நாடுகள், மூன்று படங்களில், மூன்று விடைகளைத் தந்தன.

முதல் விடை அமெரிக்காவினுடையது. 1945-ம் ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட படம் 'காட் இஸ் மை கோ-பைலட்'. ஆண்டவனே என் துணை விமானி என்று பொருள். ராபர்ட் ஸ்காட் என்ற அமெரிக்க விமானி 1943-ல் எழுதிய தன் வரலாறே அந்தப் படத்துக்கு மூலம். வயது 34, போர் விமானம் ஓட்ட இந்த வயது ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர், சீனாவுக்குச் சென்று, 'பறக்கும் புலிகள்' படைக்குப் புகழ் தேடித் தந்த தளபதி செனால்ட்டின் கீழ்ப் போரிட்டார். அவர் ஓட்டிய பி-40 விமானத்தில் இருப்பதோ ஒரே ஓர் இருக்கை! ஆயினும் நீ தனியாகப் பறக்கவில்லை, ஆண்டவன் உடன் வருகிறான் என்று படத்தில் உணர்த்துகிறார் ஒரு பாதிரியார்.

இரண்டாவது விடை ஜப்பானுடையது. 1944-ம் ஆண்டில் டோஹோ நிறுவனம் எடுத்த படம், கட்டோ என்ற விமானப்படைத் தளபதியின் வீர வரலாறு. கட்டோவின் படையும் பறக்கும் புலிகளும் 1942-ல் பர்மா வானில் நேருக்கு நேர் மோதியவர்கள். அதே ஆண்டு மே 22-ம் நாள் வங்கக் கடலில் வீழ்ந்து மாண்டார் கட்டோ. மாண்டவரைப் 'போர்க் கடவுள்' என்றே ஏற்றிப் போற்றியது ஜப்பான்.

வேடிக்கையைப் பாருங்கள்! ஒரு பக்கத்து விமானிக்குக் கடவுள் துணைக்கு வந்தார். மறு பக்கத்து விமானியோ கடவுளாகவே ஆக்கப்பட்டார். வானம் ஒன்று, போர் ஒன்று, திரைகள்தாம் இரண்டு!

அமெரிக்கப் படத்தில் 'டோக்கியோ ஜோ' என்றொரு ஜப்பானிய விமானி வருகிறான். தெருக்கூத்து அரக்கனைப்போல் கொக்கரிப்பான். அந்த வேடம் போட்ட ரிச்சர்ட் லூ, ஹவாயில் பிறந்த சீன வம்சாவளியினர்! ஜப்பானால் தாக்குண்டவர்கள் சீனர்கள். அந்த ஜப்பானியனாகத் திரையில் நின்றவரும் ஒரு சீனர். பகைவனுக்கும் ஒரு தாய் உண்டு, அவளும் தன் மகனுக்காகக் கை குவித்திருப்பாள் என்ற எண்ணம் கொட்டகைக்குள் நுழையலாமா? நுழைந்தால் படை திரட்ட முடியுமா? போர்க்காலத்தில் சினிமாவும் ஒரு பீரங்கிதான்.

மூன்றாவது விடை சோவியத் நாட்டினுடையது. அலெக்சி மரேசியெவ் என்ற விமானி 1942 ஏப்ரலில் சுட்டு வீழ்த்தப்பட்டார். நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாட்கள் ஊர்ந்து உயிர் தப்பினார். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டன. செயற்கைக் கால்களில் நடக்கப் பழகினார். நடனமே ஆடிக் காட்டினார். 1943-ல் மீண்டும் போர் விமானம் ஏறினார்! பொலெவோய் அவர் கதையை 1946-ல் நாவலாக்கினார். 1948-ல் படம் வந்தது. 'உண்மை மனிதனின் கதை' என்ற பெயரில் அந்நூல் தமிழிலும் உண்டு. அங்கே துணை விமானி ஆண்டவன் அல்ல. "நீ சோவியத் மனிதன், உன்னால் முடியும்" என்ற நம்பிக்கை. அதுவும் ஓர் அரசு ஊட்டிய நம்பிக்கைதான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பல்லாயிரம் அடி உயரத்தில், சாவின் வாயில் நிற்பவன், தனக்கு நம்பிக்கை எதுவோ அதை அழைக்கிறான். அவனை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று கேட்போம். மூன்று படங்களின் விளம்பரத்திலும் முகம் காட்டாத ஒரு துணை விமானி உண்டே, அவனை அறிவோமா?

1942-ல் பர்மாச் சாலை அறுபட்டது. அதன்பின் சீனத்து விமானங்களுக்குப் பெட்ரோலும் தோட்டாவும் அசாமிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டி வானவழியே சென்றன. போர் முடிவதற்குள் சுமார் 6,50,000 டன் சரக்கு அப்படிச் சென்றது; சுமார் 600 விமானங்கள் அந்த வழியில் அழிந்தன. அந்த அசாம் விமானத் தளங்களுக்கு மண் சுமந்தவர்களில் தேயிலைத் தோட்டக் கூலிகளும் இருந்தார்கள். ஸ்காட்டின் விமானம் பறந்தது அவர்கள் வியர்வையின் மீது! பறக்கும் புலிகள் படையில் விமானிகள் சுமார் 100 பேர். தரையில் நின்று உழைத்தவர்கள் சுமார் 200 பேர். மரேசியெவின் உறுதி பெரிது. அவருக்குக் கால் செய்து கொடுத்த கைவினைஞனின் கை சிறிதா?

விமானி தன் உயிரை ஒப்படைப்பது ஓர் ஆணியிடம். அந்த ஆணியை முடுக்கிய பிட்டரிடம். தான் பெயரறியாத ஒரு தொழிலாளி ஏமாற்றமாட்டான் என்ற நம்பிக்கை இல்லையேல் எந்த வீரனும் தரையை விட்டு எழ முடியாது. வழிபடுகிறவனுக்கும் வழிபடாதவனுக்கும் பொதுவான நம்பிக்கை அது ஒன்றே!

எனவே தோழனே, அடுத்த முறை இப்படியொரு படம் பார்க்கும்போது, விமானம் எழும்பும் காட்சியில் வானத்தையே பார்த்துக்கொண்டிராதே. கீழே பார். சக்கரத்துக்கு முன் வைத்த கட்டையை இழுத்துவிட்டு, எண்ணெய்க் கையை நெற்றிக்கு மேல் வைத்து, அண்ணாந்து ஒருவன் நிற்பான். ஒரு நொடிதான், அடுத்த காட்சி வந்துவிடும்.

அந்த ஒரு நொடியில் அவனைப் பார்த்துக்கொள். உன்னைப் போலவே இருப்பான்!