கார் செட்டில் ஏன் இந்தக் கரகரப்பு?

எஃப்.எம். மாடுலேட்டர் செய்வது சின்ன வேலைதான். செல்போனிலோ பென்டிரைவிலோ இருக்கும் பாட்டை அது ஓர் எஃப்.எம். அலைவரிசையில் ஏற்றிவிடுகிறது. காரில் ஏற்கெனவே உள்ள ரேடியோ, மற்ற நிலையங்களைப் பிடிப்பதுபோல அதையும் பிடித்துப் பாடுகிறது. ஆக்ஸ் துளையும் ப்ளூடூத்தும் இல்லாத பழைய செட்டில் பாட்டுக் கேட்க இதைவிட மலிவான வழி இல்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடும் ஆம்னி, பொலிரோ, டாடா ஏஸ் வண்டிகள் பலவற்றில் லைட்டர் சாக்கெட்டில் இது செருகியிருப்பது அதனால்தான். கூடவே வந்து சேருகிறது கரகரப்பு. ‘கொய்ங்’ என்ற ரீங்காரம். பாட்டுக்கு நடுவே தலைநீட்டும் ஏதோ ஒரு நிலையத்தின் நகைக்கடை விளம்பரம்.

செட் போய்விட்டது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று முடிவுகட்டி, இருப்பதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. மாடுலேட்டரைப் பிடுங்கிவிட்டு மதுரை வானொலியின் 103.3-ஐயோ மிர்ச்சியின் 98.3-ஐயோ வைத்துக் கேட்க வேண்டும். அது தெளிவாகப் பாடினால் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்றுமில்லை. குறை மாடுலேட்டர் பக்கம். அடுத்து, அந்தக் குறை எதைத் தொடர்ந்து மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். வண்டி போகும் இடத்துக்குத் தகுந்தபடி மாறினால் அலைவரிசைச் சிக்கல். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் மின்சாரச் சிக்கல். பாட்டு உரக்கப் போகும்போது மட்டும் வந்தால் அளவு மீறிய சத்தம். எங்கே போனாலும் ஒரே மாதிரி மட்டமாக இருந்தால் பாட்டுக் கோப்பையோ ப்ளூடூத் இணைப்பையோ பார்க்க வேண்டும்.

மதுரையில் அதிகம் படுத்துவது முதல் வகைதான். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சாதனங்கள் கம்பியில்லாமல் ஒலிபரப்புகின்றன. அடுத்த காருக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடக் கூடாது என்பதற்காக அவற்றின் திறனுக்குப் பல நாடுகள் வரம்பு கட்டியிருக்கின்றன; ஐரோப்பாவில் அது 50 நானோவாட். இங்கே அதற்குப் போட்டியாக நிற்பதோ மலைமேல் இருக்கும் கோடை பண்பலை: 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். இரண்டுக்கும் இருபதாயிரம் கோடி மடங்கு வித்தியாசம். கொடைக்கானல் எங்கோ தொலைவில் இருக்கிறதே என்றால், அதனால் பெரிய ஆறுதல் ஒன்றும் கிடைப்பதில்லை. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்கும் குறைவுதான். சமவெளியிலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்திலிருந்து எஃப்.எம். அலை, குறுக்கே மலை மறைக்காவிட்டால், 180 கிலோமீட்டர் வரை நேராக எட்டும். வெட்டவெளியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் 50 நானோவாட் சாதனத்தின் அலையைவிட, மதுரைக்கு வந்து சேரும் கோடை பண்பலையின் அலை ஐந்து மடங்குக்கு மேல் வலுவாக இருக்கும். காரின் தகரக் கூரையும் ஆன்டெனா இருக்கும் இடமும் இந்தக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் என்றாலும், 100.5-க்கு அக்கம்பக்கத்தில் மாடுலேட்டரை வைக்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிபரப்புகள் வந்தால் வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு விட்டுவிடும். இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருந்தால்தான் இழுபறி. அதனால்தான் குறை விட்டு விட்டு வருகிறது. நாகமலையின் மறைவில் சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு, வண்டி திறந்தவெளிக்கு வந்ததும் கிழிகிறது. மேம்பாலத்தில் ஏறினால் காணாமலே போகிறது. இறங்கியதும் திரும்பி வருகிறது. வண்டி குலுங்கி ஒயர் விட்டுப்போய்விட்டது என்று ஓட்டுநர் சாதனத்தைத் தட்டிப் பார்ப்பார். ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காலி இடம் தேடுவதற்கும் முறை இருக்கிறது. மாடுலேட்டரை அணைத்துவிட்டு, ரேடியோவில் தானாக நிலையம் தேடும் பட்டனை விட்டுவிட்டு, கையாலேயே 0.1 வீதம் நகர்த்தி வர வேண்டும். வெறும் ‘ஸ்ஸ்’ இரைச்சல் மட்டும், அதுவும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராகக் கேட்கும் இடம்தான் காலி. அந்த இரைச்சலுக்கு அடியில் மெலிதாகப் பேச்சோ மேளமோ கேட்டால் அங்கே யாரோ குடியிருக்கிறார்கள். ஓர் எஃப்.எம். ஒலிபரப்பு 0.2 மெகாஹெர்ட்ஸுக்கும் கூடுதலாக இடம் அடைத்துக்கொள்ளும் என்பதால், வலுவான நிலையத்திலிருந்து இரு பக்கமும் குறைந்தது 0.4 தள்ளி நிற்பது நல்லது. மதுரையில் 98.3-ல் மிர்ச்சி, 100.5-ல் கோடை, 103.3-ல் மதுரை வானொலி, 106.4-ல் ஹலோ எஃப்.எம். என்று மேல்பாதி நிரம்பிக் கிடக்கிறது. நாட்டில் சமுதாய வானொலிகளுக்குப் பெரும்பாலும் 90-ஐ ஒட்டிய எண்களே கிடைக்கின்றன. ஆகவே தேடலை 87.5-லிருந்து 89 வரையிலான கீழ்க்கோடியில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

தெருவில் நின்று பிடித்த காலி இடம் போகும் ஊரெல்லாம் காலியாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ராமநாதபுரம் நெருங்கும்போது இலங்கை நிலையங்கள் குறுக்கிடும். கடல் மேல் காற்றடுக்குகளின் வெப்பநிலை மாறி நிற்கும் நாட்களில் அவை இன்னும் உள்ளே வரை வரும். அந்தப் பாதையில் அடிக்கடி போகும் வாடகை வண்டிக்காரர் இரண்டு காலி அலைவரிசைகளைக் குறித்துவைத்து, இரண்டையும் செட்டின் நினைவுப் பட்டன்களில் போட்டுக்கொள்வது வசதி.

இடம் மாறினாலும் மாறாத, ஆனால் அலைவரிசையைச் சேர்ந்த குறை ஒன்றும் உண்டு. சில செட்கள் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அவற்றில் எண் 0.2 வீதம் தாவி 87.9, 88.1, 88.3 என்று ஒற்றைப்படையாகவே போகும். மாடுலேட்டரில் 88.0 வைத்தால் செட்டால் அதன் மேல் நேராக நிற்க முடியாது. ஓரத்தில் நின்றுதான் பிடிக்கும். மெதுவான இடங்களில் தெரியாது, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சிதறும். மாடுலேட்டரையும் 88.1-க்கு மாற்றுவது உடனடி வழி. மலிவான ஆண்ட்ராய்டு செட் என்றால் ரேடியோ அமைப்புக்குள் போய் ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றிவிட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எஃப்.எம்.-இல் அனுப்பும்போது உயர்ந்த ஒலிகளைத் தூக்கி அனுப்பி, வாங்கும்போது அதே அளவு இறக்குவார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓர் அளவு, அமெரிக்காவில் அதைவிடக் கூடுதல். இரண்டு முனைகளும் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு மந்தமாகவோ, காதைக் குத்தும்படியோ இருக்கும்.

அந்தத் தூக்கலே மூன்றாவது வகைக் குறைக்கும் காரணம். 15 கிலோஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலியை இந்திய முறை ஏறக்குறைய 14 டெசிபல் உயர்த்துகிறது. போனிலும் ஒலி அளவை முழுக்க வைத்து, சாதனத்திலும் முழுக்க வைத்தால், ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் இது வழிந்துவிடும். எஃப்.எம். அலை மையத்திலிருந்து 75 கிலோஹெர்ட்ஸ்தான் இரு பக்கமும் விலகலாம்; அதைத் தாண்டினால் ரேடியோவால் ஒழுங்காகப் பிரித்தெடுக்க முடியாது. பாடகர் ‘ச’, ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் ‘ஷ்ர்’ என்று தெறிப்பது, ஜால்ரா உடைந்த தட்டுபோல் ஒலிப்பது, தவில் விழும்போது நாதஸ்வரம் நடுங்குவது எல்லாம் இதன் அறிகுறி. செட்டின் சத்தத்தைக் குறைத்தாலும் தெறிப்பு அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். போனின் அளவை முக்கால் பங்குக்குக் குறைத்து, பேஸ் கூட்டும் ஈக்வலைசரை அணைத்து, மீதிச் சத்தத்தைச் செட்டிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். ரொம்பவும் குறைத்தாலும் ஆபத்துதான்: செட்டை உச்சத்தில் வைக்க நேரும், பின்னணி இரைச்சலும் அதோடு எழும். பக்கத்து வானொலி நிலையத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும் அளவே சரியான அளவு. நிலையங்கள் தங்கள் ஒலியை இறுக்கி, உப்பவைத்து அனுப்புகின்றன; அவற்றோடு இந்தச் சாதனம் போட்டி போட முடியாது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் ரீங்காரத்தை மெக்கானிக்குகள் ‘டைனமோ சத்தம்’ என்பார்கள். பெயர் பொருத்தமானதுதான். ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மின்சாரத்தில் சிறு அலைகள் மிச்சமிருக்கும். ஆறு ஜோடி காந்தமுனைகள் கொண்ட சாதாரண ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளை விடும். என்ஜினைப்போல இரண்டரை மடங்கு வேகத்தில் அது சுற்றினால், 800 ஆர்.பி.எம்.-இல் வண்டி நிற்கும்போது 1,200 ஹெர்ட்ஸ், 2,400 ஆர்.பி.எம்.-இல் 3,600 ஹெர்ட்ஸ். இரண்டுமே மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் வருகின்றன.

போனை மாடுலேட்டரோடு ஆக்ஸ் ஒயரில் இணைத்து, அதே போனை அதே வண்டியில் சார்ஜும் போட்டால் இந்தச் சத்தம் கிட்டத்தட்ட நிச்சயம். எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. சார்ஜர் ஒயரை ஒரு முறை பிடுங்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ரீங்காரம் நின்றால், ஆக்ஸ் ஒயரின் நடுவே போடும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போதும். அல்லது ஆக்ஸை விட்டு ப்ளூடூத்தில் இணைத்தாலே வளையம் அறுந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியும் நிற்காவிட்டால் பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் பிடிக்கும் இடத்தில் துரு இருக்கிறதா, ஆல்டர்னேட்டரில் டயோடு போயிருக்கிறதா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. பின்னது வெறும் பாட்டுப் பிரச்சினை இல்லை. பேட்டரி சார்ஜ் ஏறுவதும் குறைந்திருக்கும்.

பெட்ரோல் வண்டியில் ‘டக் டக்’ என்று என்ஜினோடு ஓடும் சத்தம் ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்து வருவது. டீசலில் ஸ்பார்க் பிளக்கே இல்லாததால் அங்கே அந்தச் சந்தேகம் வேண்டாம். எல்.இ.டி. ஹெட்லைட், டேஷ் கேமரா, மலிவு சார்ஜர் ஆகியவற்றுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுகள் எஃப்.எம். எல்லை முழுக்க இரைச்சலைக் கொட்டக் கூடியவை. விளக்கைப் போட்டதும் பாட்டு மங்கினால் வேறு விசாரணை தேவையில்லை.

ப்ளூடூத் குறை பெரும்பாலும் அமைப்பில்தான். பாட்டு தொலைபேசியில் கேட்பதுபோல் ஒடுங்கி, ஒற்றை ஒலியாக வந்தால், போன் அதை அழைப்புக்குரிய வழியில் அனுப்புகிறது என்று பொருள். போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தச் சாதனத்துக்கு ‘மீடியா ஆடியோ’ அணைந்திருக்கும். அதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் அதே பாட்டை இயர்போனில் கேட்க வேண்டும். பத்துக் கை மாறி வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு அங்கேயும் அப்படித்தான் ஒலிக்கும்.

மாடுலேட்டர் விட்டு விட்டு அணைந்து எரிந்தால் சாக்கெட்டையே முதலில் சந்தேகிக்கலாம். என்ஜினை அணைத்து உள்ளே டார்ச் அடித்தால் நடுவிலுள்ள தொடுமுனை கருகியிருப்பதும், பக்கவாட்டுத் தகடுகள் தளர்ந்து அகன்றிருப்பதும் தெரியும். கரட்டுச் சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மின்சாரம் அறுந்து சேர்கிறது. சில சாதனங்கள் அப்போதெல்லாம் பழைய அலைவரிசையை மறந்து, கடையில் வாங்கியபோது இருந்த எண்ணுக்கே போய் நின்றுகொள்ளும். 40 டிகிரி வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டுச் சூடு பிளாஸ்டிக்கை இளகவைத்து இந்தத் தளர்ச்சியை வேகப்படுத்தும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இடத்துக்கு இடம் மாறும் குறை தீராவிட்டால், கம்பிவழி மாடுலேட்டர்தான் தீர்வு. 1990களில் டிக்கியில் வைத்த சி.டி. சேஞ்சர்களுக்குப் பயன்பட்ட அதே ஏற்பாடு. ஆன்டெனா ஒயருக்கும் செட்டுக்கும் நடுவே இதைப் பூட்டுவார்கள். பாட்டுப் போடும்போது வெளி ஆன்டெனாவை அது துண்டித்துவிடுவதால் கோடை பண்பலையோ இலங்கையோ உள்ளே வர வழியே இல்லை. பூட்டும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று, ஆன்டெனா பின் முழுக்க உள்ளே போகாமல் பாதியில் நிற்பது. பிறகு மாடுலேட்டரை அணைத்தாலும் சாதாரண நிலையங்களே மங்கலாகக் கேட்கும். மற்றது, எர்த் ஒயரைப் பெயின்ட் அடித்த ஸ்க்ரூவில் மாட்டுவது. செட்டின் சொந்த எர்த் ஒயரிலேயே சேர்த்துவிட்டால் டைனமோ சத்தத்துக்கும் இடமிருக்காது.

அப்போதும் கிடைப்பது ரேடியோவின் தரமே. ஸ்டீரியோ எஃப்.எம்.-இல் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலி ஓடுவதால் பாட்டு 15 கிலோஹெர்ட்ஸோடு நறுக்கப்படுகிறது. கேசட் செட் என்றால் கேசட் வடிவ அடாப்டரை முயன்று பார்க்கலாம். அலைவரிசைத் தொல்லை அதில் அறவே இல்லை. அதற்கும் வழியில்லாத வண்டிக்கு, இன்னொரு மாடுலேட்டர் வாங்கும் பணத்தைச் சேர்த்துவைத்து, ஆக்ஸும் யு.எஸ்.பி.யும் உள்ள செட்டையே மாட்டிவிடலாம்.